பாதி வசனத்தில் நின்ற மூச்சு

சென்ற கார்த்திகை மாதத்தில் நிகழ்ந்தது இது. அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தத்தம் பாடத்தை ஓதிக்கொண்டிருந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் முறை வந்தது. நல்ல குரல் வளம் உடையவன். ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய இடத்திலிருந்து தெளிவாக உச்சரிப்பவன். அன்று அவன் ஒரு வசனத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றான். மீண்டும் தொடங்கினான், முன்பு நின்ற இடத்தைக்கூட எட்டாமல் நின்றான். "பாடத்தைப் பார்க்காமல் வந்துவிட்டாய், அப்படித்தானே?" என்றேன். அவன் தலை குனிந்தான். மறுநாளும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் நாள் என் குரல் உயர்ந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். நான்காம் நாள் அவன் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை பிழைப்பின் நிமித்தம் வெளியூரில் இருக்கிறார். கதவைத் திறந்தவர் பாட்டியார். உள்ளே வெந்நீர் அடுப்பின் புகை தாழ்வாரத்தில் தேங்கி நின்றது. பாயில் சிறுவன் படுத்திருக்கவில்லை. தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு வெளியேறும்போதெல்லாம் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது.

"ராத்திரியெல்லாம் இருமல், ஹஜ்ரத். வெளியே சொன்னால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று இருந்துவிட்டேன்" என்றார் பாட்டியார். பின்னர்த் தயங்கித் தயங்கி ஒரு பழைய செய்தியைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அண்ணனைச் சயரோகம் என்று தாம்பரம் சானடோரியத்துக்கு அழைத்துச் சென்றார்களாம். அதன்பின் அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றுபோயிற்று. அந்த அச்சந்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் பேரனின் இருமலை நான்கு சுவர்களுக்குள் மறைத்து வைத்திருந்தது.

மறுநாள் மூவரும் அரசு மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் சிறுவனின் மார்பில் குழல் வைத்துக் கேட்டார். மார்புப் படம் எடுக்கச் செய்தார். ஒரு சிறு கருவியில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். மூச்சின் வழியே மருந்து கொடுத்துச் சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார். இரண்டாம் முறை கருவியின் முள் உயர ஏறிற்று. சயரோகத்தின் அடையாளம் எதுவும் இல்லை. இது ஆஸ்துமா என்றார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்: "இரைப்பு அதிகமாகும்போது இவனால் ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா?"

பாட்டியார் என்னைப் பார்த்தார். "முடியவில்லை, டாக்டர். அதற்காகத்தான் இவனை நான் கடிந்துகொண்டேன்" என்றேன். ஒரு நோயாளியின் இரைப்பு எந்த அளவுக்குக் கடுமையானது என்பதை அறிய, அவர் முழு வாக்கியமாகப் பேசுகிறாரா, இரண்டு மூன்று சொற்களாகப் பேசுகிறாரா, ஒற்றைச் சொல்லாகப் பேசுகிறாரா என்று பார்ப்பது மருத்துவர்களின் வழக்கமாம். அந்த அடையாளம் மூன்று நாட்கள் என் கண்முன்னே நின்றது. அதை நான் சோம்பல் என்று படித்தேன்.

கலைப் பாடத்தில் பட்டம் பெற்றவன் நான். உடற்கூறு எனக்குப் புதிது. அந்த மருத்துவர் விளக்கியதையும் அதன்பின் படித்து அறிந்ததையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

காற்று செல்லும் பாதை

மூக்கு வெறும் துளை அன்று. அது ஒரு காவல் நிலையம். அதன் வாயிலில் உள்ள முடிகள் பெரிய தூசிகளைத் தடுக்கின்றன. உட்சுவரின் ஈரப்பசை சிறு தூசிகளைப் பிடித்துக்கொள்கிறது. அச்சுவரின் கீழ் ஓடும் இரத்த நாளங்கள், மார்கழிக் காலையின் குளிர்ந்த காற்றையும் நுரையீரலைச் சேர்வதற்குள் உடலின் வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. வாயால் மூச்சு விடும் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்புக் குறைந்துபோகிறது.

மூக்கைக் கடந்த காற்று தொண்டையை அடைகிறது. உணவும் காற்றும் பொதுவாகச் செல்லும் இடம் இது. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது: முன்புறம் குரல்வளை, பின்புறம் உணவுக்குழாய். நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து அதன் மூடி கவிகிறது. உண்ணும்போது பேசாதே, சிரிக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வது இதனால் பொருளுடையதாகிறது.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் தொடங்குகிறது. வளர்ந்தவரிடம் அதன் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். அது அமுங்கி மூடிவிடாதபடி 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. அவை முழு வளையங்கள் அல்ல. குதிரை லாடத்தைப் போலப் பின்புறம் திறந்தவை. நாம் விழுங்கும் கவளம் இறங்கும்போது பின்னால் உள்ள உணவுக்குழாய் விரிவதற்கு அந்தத் திறப்பு இடம் தருகிறது.

மார்புக்குள் மூச்சுக்குழாய் இரு கிளைகளாகிறது. வலக்கிளை சற்று அகலமானது, நேராகக் கீழிறங்குவது. எனவே தவறி உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் வலப்புற நுரையீரலில் சிக்கிக்கொள்கிறது. வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில் வாழும் நாம் இதை மறக்கலாகாது. மூன்று நான்கு வயதுக் குழந்தையின் கையில் வேர்க்கடலையைக் கொடுத்து ஓடி விளையாட விடுவது ஆபத்தானது.

இரு கிளைகளும் மரத்தைப் போல மீண்டும் மீண்டும் பிரிகின்றன. ஏறத்தாழ 23 முறை பிரிந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்குழல்களாகி, இறுதியில் திராட்சைக் குலை போன்ற காற்றறைகளில் முடிகின்றன. வளர்ந்த ஒருவரின் இரு நுரையீரல்களிலும் சுமார் 48 கோடிக் காற்றறைகள் உள்ளன. அவை அனைத்தின் சுவர்களையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். அதாவது சுமார் 750 சதுர அடி. நம்மில் பலர் குடியிருக்கும் வீட்டின் பரப்பு அவ்வளவுதான்.

பாதை நெடுகிலும் உட்சுவரில் சளிப்படலமும் அதன்கீழ் நுண்ணிய இழைகளும் உண்டு. இவ்விழைகள் ஓயாமல் அசைந்து, ஒட்டிய தூசியைச் சளியோடு சேர்த்துத் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பீடி, சிகரெட்டின் புகை இவ்விழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. துடைப்பம் ஓய்ந்த வீட்டில் குப்பை சேர்வது போல அங்கே சளி சேர்கிறது.

துருத்தியும் கொல்லனும்

நுரையீரல் தானாக விரிந்து காற்றை இழுக்கிறது என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை நுரையீரலுக்குக் கிடையாது. கொல்லன் பட்டறைத் துருத்தி தானாக விரியுமோ? அதை விரிக்க ஒரு கை வேண்டும். இங்கே அந்தக் கையாக இருப்பவை, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடை போல் கவிந்துள்ள உதரவிதானம் என்னும் தசையும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் ஆகும். உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலே எழுகின்றன, மார்புக்கூடு அகல்கிறது. அகன்ற இடத்தை நிரப்பக் காற்று தானாக உள்ளே நுழைகிறது. காற்று நுழைவதால் மார்பு விரிவதில்லை. மார்பு விரிவதால்தான் காற்று நுழைகிறது.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் சுமார் அரை லிட்டர் காற்று உட்செல்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 மூச்சு. இவற்றுள் எத்தனையை நாம் நினைத்து விடுகிறோம்? மூளையின் அடிப்பகுதியான முகுளம் உறக்கத்திலும் விழிப்பிலும் இப்பணியைக் கவனித்துக்கொள்கிறது. பௌர்ணமி இரவுகளில் நம் நகரின் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்போரைக் காண்கிறோம். அவர்களுள் யாரும் தம் நுரையீரலை வேகப்படுத்தும்படி ஆணையிடுவதில்லை. உழைக்கும் தசைகளிலிருந்து கரியமிலவாயு மிகுதியாக இரத்தத்தில் கலக்கும்போது, அதை முகுளம் உடனே உணர்ந்து மூச்சின் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. மூச்சை அடக்கிப் பார்ப்பவரை அரை நிமிடத்தில் துடிக்க வைப்பதும் பெரும்பாலும் இந்தக் கரியமிலவாயுவின் பெருக்கமே.

காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம்

நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றில் சுமார் 16 விழுக்காடு. கரியமிலவாயுவோ உட்செல்லும்போது 0.04 விழுக்காடு, வெளிவரும்போது சுமார் 4 விழுக்காடு. இந்தக் கொடுக்கல் வாங்கல் காற்றறைகளின் சுவரில் நடக்கிறது. அச்சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதன் மறுபுறத்தில் நுண்ணிய இரத்த நாளங்கள் வலை போலச் சூழ்ந்துள்ளன. இதயத்தின் வலப்பகுதி, ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இவ்வலையின் வழியே அனுப்புகிறது. பிராணவாயுவை ஏற்ற இரத்தம் இதயத்தின் இடப்பகுதிக்குத் திரும்பி, அங்கிருந்து உடலெங்கும் செல்கிறது.

இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இந்த உண்மை ஒரு காலத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. யூனானி மருத்துவர்கள் ஜாலினூஸ் என்று அழைக்கும் கிரேக்க மருத்துவர், இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் செல்கிறது என்று எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதை நம்பியது. இப்னு சீனாவின் அல்கானூன் என்னும் மருத்துவப் பெருநூலும் அக்கருத்தை ஒட்டியே அமைந்தது. அந்நூலின் உடற்கூறுப் பகுதிக்கு விளக்கவுரை எழுதிய இப்னு நஃபீஸ், 13ஆம் நூற்றாண்டில் இதை மறுத்தார். அந்தச் சுவர் தடித்தது. அதில் துளை ஏதும் இல்லை. ஆகவே இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் வந்தாக வேண்டும் என்று அவர் எழுதினார்.

டமாஸ்கஸில் மருத்துவம் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288இல் மறைந்த அவர், மருத்துவராக மட்டும் இருக்கவில்லை. கெய்ரோவின் மத்ரஸா ஒன்றில் ஷாஃபி சட்டவியலைப் போதித்த ஆசிரியராகவும் இருந்தார். ஐரோப்பாவில் செர்வெட்டஸ் இதே கருத்தை அச்சிட்டது 1553இல். இரத்தம் உடல் முழுவதும் சுற்றிவருவதை ஹார்வி விளக்கியது 1628இல். நுரையீரலின் நுண் நாளங்களை நுண்ணோக்கியின் வழியே மால்பிகி கண்டது 1661இல். இப்னு நஃபீஸின் ஏட்டுப் பிரதியோ பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் தத்தாவி என்ற எகிப்திய மருத்துவர் அதைக் கண்டெடுத்தார்.

இதை நம் பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. தமக்கு முன் பெரியோர் எழுதிவைத்ததற்கு எதிராகத் தென்பட்ட அடையாளத்தை அந்த மத்ரஸா ஆசிரியர் கவனித்தார். என் முன்னே நின்ற பிள்ளையின் அடையாளத்தை இந்த மத்ரஸா ஆசிரியன் கவனிக்கவில்லை. அந்த ஒப்பீடு என்னை உறுத்துகிறது.

சொல்லைச் சுமப்பது வெளிமூச்சு

நாம் பேசுவதும் ஓதுவதும் வெளிமூச்சிலேயே நடக்கின்றன. குரல்வளையில் உள்ள இரண்டு குரல் நாண்கள், வெளியேறும் காற்றால் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. நாவும் உதடும் தொண்டையும் அதை எழுத்தாக்குகின்றன. நன்கு ஓதுபவர் விரைவாக மூச்சை வாங்கி, அதைச் சிக்கனமாக, சிறிது சிறிதாகச் செலவிடுகிறார். வளர்ந்த ஆண் ஒருவர் முழு மூச்சு இழுத்து முழுவதும் வெளிவிட்டால் சுமார் 4 லிட்டர் காற்று வரும். ஒன்பது வயதுச் சிறுவனிடம் அதில் பாதியளவே இருக்கும். நாம் ஒரே மூச்சில் ஓதுவதை அவனும் அவ்வாறே ஓத வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நம் சட்டையை அவனுக்கு அணிவிப்பது போன்றது.

இனி ஆஸ்துமாவுக்கு வருவோம். பெரிய மூச்சுக்குழாய்களுக்குக் குருத்தெலும்பின் தாங்கல் உண்டு என்று கண்டோம். கடைசி நுண்குழல்களுக்கு அது இல்லை. அவற்றைச் சுற்றி இருப்பது தசைதான். ஆஸ்துமா உடையவரின் நுண்குழல்களில் உட்சுவர் வீங்கியிருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று தூண்டியதும் அத்தசை இறுகும். சளியும் சேர்ந்து வழியை அடைக்கும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பு விரிவதால் குழல்களும் சற்று விரிகின்றன. ஆகவே காற்று ஒருவாறு நுழைந்துவிடுகிறது. வெளிவிடும்போது குழல்கள் இயல்பாகவே ஒடுங்குகின்றன. ஏற்கெனவே குறுகியவை மேலும் குறுகிவிடுகின்றன. காற்று சீழ்க்கையொலியுடன் பிதுங்கி வருகிறது. பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தேங்குவதால் புதுக்காற்றுக்கு இடம் இல்லை. மூச்சு வாங்க முடியவில்லை என்று நோயாளி சொல்வார். உண்மையில் தொல்லை தொடங்குவது மூச்சை விடுவதில். ஓதும் பிள்ளையிடம் இந்நோய் ஓதலில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே. ஓதுவதற்கு வேண்டிய நீண்ட வெளிமூச்சைத்தான் ஆஸ்துமா முதலில் பறித்துக்கொள்கிறது.

அடிக்கடி வரும் இரவு இருமல், ஓடி விளையாடியபின் இரைப்பு, குளிர்காலத்தில் சீழ்க்கையொலி ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா இடுக்குகள் உள்ளே குழிந்தாலோ, உதடுகள் நீலம் பாரித்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இன்ஹேலர் பற்றிய அச்சம்

மருத்துவர் இரண்டு இன்ஹேலர்களை எழுதிக் கொடுத்ததும் பாட்டியார் கலங்கினார். "இது பழகிப்போய்விடும் என்கிறார்களே, கடைசி மருந்து என்கிறார்களே" என்றார். இந்த அச்சம் பல வீடுகளில் இருக்கிறது.

மருத்துவர் தந்த விளக்கம் எளியது. சால்புட்டமால் என்னும் மருந்து மாத்திரையாகக் கொடுக்கப்படும்போது 2 அல்லது 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம். அதாவது மாத்திரையில் 20இல் ஒரு பங்கு அல்லது 40இல் ஒரு பங்கு. வயிற்றின் வழியே உடலெங்கும் சுற்றாமல், வேண்டிய இடத்துக்கே நேராகச் செல்வதால் சிறிதளவே போதுமானதாகிறது. இது போதைப் பழக்கத்தைத் தருவதன்று. இறுகிய தசையைத் தளர்த்த ஒரு மருந்து. உட்சுவரின் வீக்கத்தை ஆற்ற நாள்தோறும் எடுக்கும் மற்றொரு மருந்து. இரைப்பு இல்லாத நாட்களிலும் இரண்டாவதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. அதை எடுத்தபின் வாய் கொப்பளித்துவிட வேண்டும். சிறுவர்கள் இடையில் ஒரு குடுவையைப் பொருத்தி மருந்தை இழுப்பது நல்லது; அப்போது மருந்து தொண்டையில் படிந்துவிடாமல் நுரையீரலைச் சேரும்.

ஆஸ்துமா உடைய பெரியவர்கள் நோன்பு பற்றிக் கேட்பதுண்டு. நோன்பு நேரத்தில் இன்ஹேலரைப் பயன்படுத்துவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தாம் பின்பற்றும் ஆலிமிடம் ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும். காப்பு மருந்தை ஸஹரிலும் நோன்பு திறந்தபின்னும் எடுக்குமாறு மருத்துவர் நேரம் வகுத்துத் தர இயலும். எனினும் திணறல் வந்துவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடலாகாது. நோயாளிக்கு வேறு நாட்களில் நோன்பை நிறைவேற்றும் சலுகை தெளிவாக அளிக்கப்பட்டிருக்கிறது. சலுகையை ஏற்பது பலவீனம் ஆகாது.

பாட்டியாரின் பழைய அச்சம்

அவருடைய அண்ணனைப் பற்றியும் ஒரு சொல். தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்பவரால் தொடங்கப்பட்டு, 1937இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. சயரோகத்துக்கு உரிய மருந்துகள் கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்ல உணவுமே சிகிச்சையாக இருந்தன. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதும் சிகிச்சையின் பகுதியாக எண்ணப்பட்டது.

1956இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மறு பிரிவினரை அவர்தம் எளிய, நெரிசல் மிகுந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் மேலாக இருந்தன. ஆயினும் 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். அவர்களுடன் வசித்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. மருந்தை முறையாகக் கொடுத்தால் போதும் என்று தமிழகத்தின் தலைநகரிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

இதைச் சொன்னபோது பாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் அண்ணனை வீட்டிலேயே வைத்திருக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், எடைக்குறைவு, மாலைக் காய்ச்சல் ஆகியவை இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சோதனை செய்து பார்க்கலாம். சயரோகம் என்றாலும் மருந்து இலவசமே. சாதாரண வகைக்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமானது. நோயை மறைப்பதே வீட்டாருக்கு ஆபத்து. மருந்தைத் தொடங்கியபின் தொற்று விரைவில் தணிந்துவிடுகிறது.

வீட்டுக் காற்று

நுரையீரலுக்குக் காற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. வீட்டில் எது இருக்கிறதோ அதைத்தான் அது 20,000 முறை இழுக்கிறது. சிறுவன் வீட்டில் வெந்நீர் அடுப்பைப் புறக்கடைக்கு மாற்றச் செய்தோம். அவன் படுக்கும் அறையில் இரவு முழுதும் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்போது எழும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் எழும் அளவுக்குச் சமம் என்று கண்டது. சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை கட்டச் சொன்னேன். சாம்பிராணிப் புகையையும் அவன் இருக்கும் நேரத்தில் தவிர்க்கச் சொன்னேன். பாயையும் தலையணையையும் வாரந்தோறும் வெயிலில் காயவைக்கிறார்கள். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பீடி குடிக்கும் ஆண்கள் "நான் வாசலில்தான் குடிக்கிறேன்" என்பார்கள். வாசலின் புகைக்கு வீட்டினுள் நுழைய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தை மாதத்தில் அவன் மீண்டும் வகுப்புக்கு வந்தான். பிள்ளைகள் அனைவரின் முன்னிலையிலும், தவறு என்னுடையது என்று சொன்னேன். பின்னர் நான் பல ஆண்டுகளாகப் போதித்துவரும் ஒரு விதியை அவர்களுக்கு நினைவூட்டினேன். தஜ்வீத் கலையில் வக்ஃப் இள்திராரி என்று ஒன்று உண்டு. ஓதுபவருக்கு மூச்சு முட்டினாலோ, இருமலோ தும்மலோ வந்தாலோ, வசனத்தின் நடுவிலும் அவர் நிறுத்திக்கொள்ளலாம், அது குற்றமன்று. பிறகு பொருள் முறியாத ஓரிடத்துக்குச் சில சொற்கள் பின்சென்று, அங்கிருந்து தொடர வேண்டும். மனிதனின் மூச்சு எவ்வளவு என்பதை அறிந்தவர்களே அந்தக் கலையை வகுத்திருக்கிறார்கள். தேர்வுக்காக அவ்விதியைப் பிள்ளைகளிடம் கேட்டு மதிப்பெண் போட்ட நான், அது தேவைப்பட்ட நாளில் அதை மறந்துபோனேன்.

சிறுவன் எழுந்து ஓதினான். வசனம் நீளமானது. நடுவில் நின்றான்; மூச்சு வாங்கினான்; இரண்டு சொற்கள் பின்சென்று எடுத்து, முடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, ஓதிக்கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளை தடுமாறும்போது அவன் சொல்லில் உள்ள பிழையைக் கேட்கும் நாம், அவன் மூச்சையும் சற்றுக் காது கொடுத்துக் கேட்போமாக.